ரிப்போர்ட்டில் ஒரு வளையம்

“சார், ஃபோனே பதினஞ்சு மாசம்னு சொல்லிட்டுது. இனிமே டாக்டர்கிட்ட போயி இன்னா கேக்குறது?”

கேட்டவர் மாமல்லபுரத்தில் கல்வேலை செய்பவர். ஐந்து ரதத்துக்குப் போகிற வழியில் பட்டறை வைத்திருக்கிறார். அவருடைய மச்சானுக்கு, அதாவது வீட்டுக்காரம்மாவின் தம்பிக்கு, முப்பது வயதுகூட ஆகவில்லை. திருக்கழுக்குன்றத்தில் ஓர் எலக்ட்ரிகல் கடையில் வேலை. கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தவனுக்குத் திடீரென்று ஃபிட்ஸ். சுற்றியிருந்தவர்கள் வழக்கப்படி சாவிக்கொத்தைத் தேடி ஓடியிருக்கிறார்கள். செங்கல்பட்டுக்குக் கொண்டுபோய், ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, எம்.ஆர்.ஐ.யும் எடுத்தாயிற்று. ரிப்போர்ட்டின் கடைசிப் பத்தியில் ‘ரிங் என்ஹான்ஸிங் லீசன்’ என்று ஒரு வரி. நரம்பியல் டாக்டரைப் பார்க்க அடுத்த வாரம்தான் நாள் கிடைத்தது. அதுவரை மனசு பொறுக்குமா? கல்லூரியில் படிக்கும் மகள் அந்த வரியை அப்படியே ஃபோனில் இருக்கும் ஏ.ஐ. செயலியில் தட்டிக் கேட்டிருக்கிறாள். அது ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை போட்டுப் பதில் சொன்னது. முதல் இடத்தில் கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்று. பக்கத்திலேயே, ஆயுள் சுமார் பதினைந்து மாதம். அன்றிலிருந்து வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து, சர்க்கரை தூக்கலாக இரண்டு டீ சொன்னேன்.

“தம்பி, அந்தச் செயலி ஸ்கேனைப் பார்த்துச்சா?”

“இல்ல சார். ரிப்போர்ட்ல இருந்த வரிய மட்டும்தான் பாப்பா போட்டுச்சு.”

இதைத்தான் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். ஏ.ஐ. என்று எல்லாவற்றுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டோம், ஆனால் வேலைகள் வேறு வேறு. ஃபோனில் பதில் சொன்னது எழுத்தைப் படித்து எழுத்தை உண்டாக்குகிற ரகம். அது மச்சானின் மூளையைப் பார்க்கவில்லை. வயது என்ன, எந்த ஊர், எத்தனை நாளாக என்று எதையும் கேட்கவில்லை. அது படித்து வளர்ந்த மருத்துவ எழுத்தில் பெரும்பகுதி ஆங்கிலம், அதிலும் அமெரிக்க, ஐரோப்பிய நோயாளிகளைப் பற்றியது. அங்கே மூளையில் வளையம் தெரிந்தால் டாக்டருக்கு முதலில் புற்றுநோய்தான் ஞாபகத்துக்கு வரும்.

பதினைந்து மாதமும் வானத்திலிருந்து விழுந்த கணக்கு இல்லை. 2005இல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. 573 கிளையோபிளாஸ்டோமா நோயாளிகள். கதிர்வீச்சோடு டெமோசோலமைடு மாத்திரையும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 14.6 மாதம் என்று வந்தது. இடைநிலை என்றால், பாதிப் பேர் அதைத் தாண்டியும் உயிரோடு இருந்தார்கள். அதுவும் திசுவை எடுத்துப் பார்த்து, இன்ன நோய் என்று உறுதி செய்யப்பட்டவர்களின் கணக்கு. மச்சானுக்கு என்ன நோய் என்றே இன்னும் யாரும் சொல்லவில்லை.

“அப்ப அந்த ரிங்கு?”

எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது நடுவில் மெஷினை நிறுத்திக் கையில் ஓர் ஊசி போடுவார்கள். கான்ட்ராஸ்ட் என்பது அதுதான். அதில் கடோலினியம் என்ற உலோகம் இருக்கிறது. நல்ல மூளையில் ரத்தக்குழாயின் சுவர் மிக இறுக்கமானது, மருந்தை வெளியே விடாது. எங்கே அந்தச் சுவர் கெட்டுப்போயிருக்கிறதோ அங்கே மருந்து கசியும், படத்தில் வெளுப்பாகத் தெரியும். நடுவில் செத்த திசுவோ சீழோ இருந்தால் அதற்குள் மருந்து போகாது, ஓரம் மட்டும் வெளுக்கும். வளையம் என்பது அவ்வளவுதான். கிளையோபிளாஸ்டோமா வளையம் காட்டும். நுரையீரலிலிருந்தோ மார்பகத்திலிருந்தோ பரவி வந்த புற்று காட்டும். சீழ்க்கட்டி காட்டும். நம் நாட்டில் இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று, டி.பி. கிருமி மூளையில் உண்டாக்கும் கட்டி. இன்னொன்று, பன்றி நாடாப்புழுவின் இளம்புழு மூளைக்குள் போய்த் தங்கி உண்டாக்கும் கட்டி. இதைச் சொன்னதும் “நாங்க பன்னிக்கறி தொட மாட்டோமே” என்பார்கள். தொட வேண்டியதில்லை. புழுவின் முட்டை கலந்த தண்ணீரும் சரியாகக் கழுவாத கீரையும் போதும். சுத்த சைவக்காரர்களுக்கும் வரும்.

இந்த இடத்தில் வேலூர்க் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் போய்விடுகிற தூரம். அங்கே சி.எம்.சி.யில் 1949இல் ஜேக்கப் சாண்டி நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். மறுவருஷம் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் பி. ராமமூர்த்தி. பிற்பாடு சி.டி. ஸ்கேன் பரவியதும் டாக்டர்களுக்கு ஒரு தலைவலி வந்தது. ஃபிட்ஸ் வந்த இளவயதுக்காரர்களின் படத்தில் சின்னதாக ஓர் ஒற்றைக் கட்டி. டி.பி.யாக இருக்கும் என்று மாதக்கணக்கில் டி.பி. மருந்து கொடுப்பது அப்போது பல இடங்களில் வழக்கம். வேலூரில் வேதாந்தம் ராஜசேகர், மேத்யூ சாண்டி ஆகியோரின் குழு திசுவை எடுத்துப் பார்த்தது. பலவும் புழுக்கட்டி. 1993இல் இரண்டையும் பிரித்தறிவது எப்படி என்று எழுதி வெளியிட்டார்கள். கட்டி 20 மில்லிமீட்டருக்குள்ளா? நடுக்கோட்டையே தள்ளும் அளவுக்குச் சுற்றி வீக்கம் இருக்கிறதா? தலைக்குள் அழுத்தம் ஏறிய அறிகுறி உண்டா? கை கால் பலம் நாளுக்கு நாள் குறைகிறதா? உடம்பில் வேறெங்காவது டி.பி.யோ புற்றோ இருக்கிறதா? இந்தக் கேள்விகளில் பாதிக்குத்தான் ஸ்கேனில் பதில். மீதியை ஆளைப் பார்த்து, தொட்டு, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். முதல் கேள்விக்கு ஆம், மற்றதற்கெல்லாம் இல்லை என்று வந்தால் உடனே மண்டையைத் திறக்க வேண்டியதில்லை. ஃபிட்ஸுக்கு மாத்திரை, சில மாதம் கழித்து மறு ஸ்கேன். அதற்குள் பல கட்டிகள் தாமாகவே சுருங்கிவிடும்.

“அப்ப மச்சானுக்குப் புழுதானா சார்?”

“அப்படி நான் சொல்லலை. டாக்டரே பார்த்தாத்தான் தெரியும். நீங்க பயப்படறதுதான் உண்மைன்னு இன்னும் யாரும் சொல்லலைன்னு மட்டும்தான் சொல்றேன்.”

டீ ஆறிப்போய் மேலே ஆடை கட்டியிருந்தது. அதை விரலால் வழித்துப் போட்டுவிட்டுக் குடித்தார்.

இனி படம் பார்க்கிற ஏ.ஐ. கம்ப்யூட்டர் மூளைக்குள் எட்டிப் பார்ப்பது இன்று நேற்று தொடங்கியதல்ல. 1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் விம்பிள்டன் பகுதியில், அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், மனிதருக்கு எடுத்த முதல் சி.டி. ஸ்கேனே மூளைக் கட்டி இருக்குமோ என்ற சந்தேகத்தில் ஒரு பெண்ணுக்கு எடுத்ததுதான். கருவியைச் செய்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு வேலை பார்த்தது இ.எம்.ஐ. கம்பெனியில். நாய் குழாயில் காது கொடுத்து உட்கார்ந்திருக்கும் ஹெச்.எம்.வி. இசைத்தட்டு நம் வீடுகளில் இருந்ததே, அந்தக் கம்பெனிதான். எக்ஸ்ரேயை நாலா பக்கமிருந்தும் பாய்ச்சி, கிடைத்த எண்களைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கணக்குச் செய்து வரைந்த படம்தான் சி.டி. ஆக, படத்தைப் போட்டுக் கொடுப்பது அன்றே கம்ப்யூட்டர். அதைப் பார்த்துச் சொல்வது மனிதர் வேலையாக இருந்தது. இப்போது அந்த வேலையிலும் ஒரு பங்கு கேட்கிறது.

பங்கு எவ்வளவு என்பதுதான் விஷயம். மும்பையைச் சேர்ந்த க்யூர் டாட் ஏ.ஐ. என்ற நிறுவனம் 2018இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. இந்தியாவில் சுமார் 20 மையங்களில் எடுத்த 3,13,318 தலை சி.டி.க்களைத் திரட்டி, அவற்றை வைத்து மென்பொருளைப் பழக்கி, சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ரத்தக்கசிவு, எலும்பு முறிவு, நடுக்கோடு விலகல், ஏதோ ஒன்று மூளையை அழுத்திக்கொண்டிருக்கும் தோற்றம் ஆகியவற்றை அது கண்டுபிடிக்கும். கடைசி இரண்டும் பெரிய கட்டி செய்கிற வேலை. இதற்கு என்ன பெயர் என்று அது சொல்லாது. ‘இந்தப் படத்தை முதலில் பாருங்கள்’ என்று வரிசையில் மேலே தூக்கி வைக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு, ரேடியாலஜிஸ்ட் இல்லாத ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், ஈ.சி.ஆர். விபத்தும் தலைவலி கேஸும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நிற்கும்போது இது சாதாரண உதவி இல்லை. என்னைக் கேட்டால், நம் பக்கத்துக்கு இன்றைய தேதியில் மிகவும் பயன்படக்கூடியது இந்த அடக்கமான வேலைதான்.

ஆராய்ச்சிக்காரர்கள் அதிகம் மெனக்கெட்டது வேறு இடத்தில். கட்டி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கோடு போடுவது. 2012 முதல் வருஷா வருஷம் இதற்கென்று பிராட்ஸ் என்ற சர்வதேசப் போட்டி நடக்கிறது. ஒரே நோயாளிக்கு நாலு விதமாக எடுத்த எம்.ஆர்.ஐ.: சாதாரண படம், கான்ட்ராஸ்ட் போட்ட பிறகு எடுத்தது, நீர் வெளுப்பாகத் தெரிவது, மூளைக் குழிகளில் உள்ள நீரை அடக்கிவிட்டு வீக்கத்தை மட்டும் காட்டுவது. நாலையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, மூளையை ஒரு மில்லிமீட்டர் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் மென்பொருள் ஒரு பதில் சொல்ல வேண்டும்: உயிருள்ள கட்டி, செத்துப்போன நடுப்பகுதி, வீக்கம், இவை எதுவும் இல்லாத மூளை. நிபுணர்கள் கையால் வரைந்து வைத்த விடையோடு ஒப்பிட்டு, தப்பினால் தன் உள்கணக்கைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளும். இப்படியே லட்சக்கணக்கான தடவை.

“நாங்க கல்லுல காவில கோடு போட்டுக்கறோமே, அந்த மாதிரியா சார்?”

“அதேதான். ஆனா உங்க கல்லுல கோட்டுக்கு வெளியே இருக்கறது வேண்டாத கல்லு. இங்க கோட்டுக்கு வெளியே இருக்கறது அவரோட பேச்சு, அவரோட வலது கை.”

அதனால்தான் இந்தக் கோட்டைப் பற்றி இவ்வளவு பாடு. கிளையோபிளாஸ்டோமா அடங்கிய கிளையோமா வகைக் கட்டிகளுக்கு உறுதியான ஓரம் கிடையாது. படத்தில் வெளுப்பாகத் தெரிவதைத் தாண்டியும் செல்கள் மூளைக்குள் ஊடுருவிப் போயிருக்கும். அறுவைக்குப் பிறகு கதிர்வீச்சு கொடுக்கும்போது தெரிகிற கட்டிக்கு வெளியே ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் சேர்த்துக்கொள்வது இதற்காகத்தான். நிபுணர்களுக்கு மட்டும் கோடு தெளிவாகத் தெரிகிறதா என்றால், அதுவும் இல்லை. போட்டியின் முதல் வருஷங்களின் முடிவுகளை 2015இல் வெளியிட்டபோது, ஒரே கட்டிக்கு வெவ்வேறு நிபுணர்கள் போட்ட கோடுகள் ஒன்றோடொன்று பொருந்திய அளவு 74 முதல் 85 சதவீதம்தான் என்று சொல்லியிருந்தார்கள். ஆகவே மென்பொருள் ‘நிபுணர் அளவுக்கு வந்துவிட்டது’ என்று செய்தி வந்தால், எந்த நிபுணர் அளவுக்கு என்று கேட்கத் தோன்ற வேண்டும். மென்பொருளுக்கு இதில் உள்ள நிஜமான மேன்மை வேறு. அது அசராது. திங்கள் காலை போட்ட கோடும் சனி மாலை போட்ட கோடும் ஒன்றாகவே இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ஸ்கேனில் கட்டி வளர்ந்ததா, சுருங்கியதா என்று அளக்க இந்த மாறாத்தன்மை ரொம்ப முக்கியம்.

கோடு போட்ட மென்பொருள், எதைப் பார்த்துப் போட்டது என்று சொல்லாது. அதற்குள் நுழைந்து பார்க்கும் முயற்சியும் நடக்கிறது. ஐஐடி மெட்ராஸில் கணபதி கிருஷ்ணமூர்த்தியின் குழு 2020இல் வெளியிட்ட ஆய்வு இந்த ரகம். மூளைக் கட்டிக்குக் கோடு போடும் வலைப்பின்னலின் உள்ளடுக்குகள் எந்த எந்த அம்சத்தைப் பார்க்கின்றன, படத்தின் எந்த இடத்தில் அதற்கு உறுதி குறைகிறது என்று பிரித்துக் காட்டினார்கள். டாக்டருக்கு இது பெரிய சகாயம். எங்கே தயங்குகிறதோ அங்கே மட்டும் அவர் கண்ணை ஊன்றிப் பார்த்தால் போதும்.

இப்போது மச்சானின் வளையத்தை இந்த மென்பொருளுக்குக் கொடுத்தால்? அது பழகியதெல்லாம் கிளையோமா படங்கள். டி.பி. கட்டியைக் கொடுத்தாலும் உள்ளே இது, ஓரம் இது, வீக்கம் இது என்று சுத்தமாகக் கோடு போட்டுக் கொடுக்கும். அதனிடம் இருக்கும் விடைத்தொகுப்பில் புழு என்ற விடையே இல்லை. இதை மென்பொருளின் குற்றம் என்று சொல்ல மாட்டேன். ‘கட்டி எவ்வளவு பெரிசு?’ என்ற கேள்விக்குச் செய்ததை ‘இது கிளையோமாதானா?’ என்ற கேள்விக்கு நீட்டினால், தப்பு நீட்டியவர் மேல்தான்.

கேட்ட கேள்விக்குப் படத்தில் பதிலே இல்லாமல் போவதும் உண்டு. டெமோசோலமைடு மாத்திரை சிலருக்கு நன்றாக வேலை செய்யும், சிலருக்கு அவ்வளவாக இல்லை. எம்.ஜி.எம்.டி. என்ற மரபணு அடைபட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. அதைத் தெரிந்துகொள்ள இன்று திசு வேண்டும். எம்.ஆர்.ஐ.யைப் பார்த்தே சொல்ல முடியுமா என்று 2021இல் பெரிய போட்டி வைத்தார்கள். உலகம் முழுவதிலிருந்தும் கெட்டிக்காரர்கள் இறங்கினார்கள். முதல் பரிசு பெற்ற மென்பொருளின் மதிப்பெண் 0.62 அளவுதான். காசைச் சுண்டிப் போட்டால் 0.5 வரும். ஆகாததை ஆகாது என்று காட்டியது அந்தப் போட்டியின் லாபம்.

“திசு, திசுன்றீங்களே சார். தலையைத் திறந்தாத்தானே எடுக்க முடியும்?”

ஆமாம். ஆபரேஷன் தியேட்டரில்தான் எனக்கு ஆச்சரியமான சங்கதிகள் தெரிகின்றன. மண்டையைத் திறந்து, ஒரு சின்னத் துண்டை எடுத்துப் பக்கத்திலுள்ள பாத்தாலஜிக்கு அனுப்புவார்கள். அங்கே உறைய வைத்துச் சீவியோ, கண்ணாடியில் நசுக்கியோ, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, என்ன கட்டி என்று ஃபோனில் சொல்வார்கள். இருபது முப்பது நிமிஷம். அதுவரை சர்ஜன் காத்திருக்க வேண்டும். 2020இல் அமெரிக்காவில் டாட் ஹாலன், டேனியல் ஆரிஞ்சர் குழு ஒரு வழி காட்டியது. சாயமே இல்லாமல், லேசர் ஒளியால் தியேட்டரிலேயே திசுவைப் படம் பிடித்து, ஏ.ஐ. பார்த்து இரண்டரை நிமிஷத்துக்குள் சொல்லிவிடும். 278 நோயாளிகளில் அதன் சரி 94.6 சதவீதம், வழக்கமான முறையில் பாத்தாலஜிஸ்டுகளின் சரி 93.9 சதவீதம். இந்த இரண்டு எண்களை வைத்துத்தான் ‘மெஷின் ஜெயித்தது’ என்று தலைப்புப் போட்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மெஷின் தவறிய கேஸ்களை மனிதர்கள் சரியாகச் சொன்னார்கள், மனிதர்கள் தவறியவற்றை மெஷின் சரியாகச் சொன்னது. இரண்டு பேர் ஒரே குழியில் விழவில்லை என்றால், இருவரையும் சேர்த்து உட்கார வைப்பதுதானே புத்தி? அதே வழியில் வந்த இன்னொரு கருவி, 2024இல் வெளியான ஃபாஸ்ட்கிளையோமா, கட்டியை எடுத்த பிறகு ஓரத்தில் மிச்சம் இருக்கிறதா என்று பத்து விநாடியில் சொல்கிறது.

நெதர்லாந்துக்காரர்கள் வேறு பாதையில் போனார்கள். ஸ்டர்ஜன் என்று பெயர். தியேட்டரில் எடுத்த திசுவின் டி.என்.ஏ.வைப் பக்கத்திலேயே ஒரு சின்னக் கருவியில் ஓட விட்டு, அதன் மேலுள்ள ரசாயனக் குறிகளை வைத்து எந்த வகைக் கட்டி என்று சொல்வது. 2023இல் வெளியிட்டார்கள். நடந்துகொண்டிருந்த 25 ஆபரேஷன்களில் 18க்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் சரியான பதில். மீதி ஏழுக்கு? ‘போதிய உறுதி இல்லை’ என்று நிறுத்திக்கொண்டது. ஃபோன் செயலிக்கு வராத குணம் இது. டாக்டரை மெஷின் ஏமாற்றாமல் இருக்க வேண்டுமென்றால் இந்தக் குணம்தான் முதலில் வேண்டும். இவையெல்லாம் அங்கே ஆய்வாக நடந்தவை. நாளைக்கே கேளம்பாக்கம் ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டால் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

மரபணுப் பக்கத்தில் நம் ஊர்க்காரர்களின் வேலை ஒன்று உண்டு. தையூரில் ஐஐடி மெட்ராஸின் புது வளாகம் வந்திருக்கிறதே, அந்த ஐஐடியின் உயிரித் தொழில்நுட்பத் துறையில் பேராசிரியர் மைக்கேல் குரோமிகாவின் குழு 2022இல் ஜி.பி.எம். டிரைவர் என்ற கருவியை வெளியிட்டது. கிளையோபிளாஸ்டோமா செல்லில் மரபணு மாற்றங்கள் ஏராளமாக இருக்கும். அவற்றில் நோயை ஓட்டிச் செல்பவை சில, சும்மா ஏறி உட்கார்ந்திருப்பவை பல. ஓட்டுநர், பயணி என்றே அந்தத் துறையில் சொல்கிறார்கள். மருந்து குறிவைக்க வேண்டியது ஓட்டுநரை. 9,386 ஓட்டுநர் மாற்றங்களையும் 8,728 பயணி மாற்றங்களையும் அலசி, எது எந்த வகை என்று கணிக்கும் முறையை உருவாக்கினார்கள். அதற்கு முன் காட்டாத 1,809 மாற்றங்களைக் கொடுத்துச் சோதித்ததில் 81.99 சதவீதம் சரியாக வந்தது. அதாவது கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று தப்பு. நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து முடிவெடுக்க இது போதாது, அதற்காகச் செய்ததும் அல்ல. அடுத்து எதை ஆராய்ச்சிக்கூடத்தில் சோதிக்கலாம் என்று வரிசைப்படுத்த நல்ல கருவி. இணையத்தில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

“இதெல்லாம் நம்ம ஜனங்க ஸ்கேனைப் பாத்துக் கத்துக்கிச்சா சார்?”

நல்ல கேள்வி. பெரும்பாலும் இல்லை. நோயாளியின் படத்தை ஆஸ்பத்திரி வெளியே கொடுக்கத் தயங்கும், தயங்கவும் வேண்டும். இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். படங்கள் அந்தந்த ஆஸ்பத்திரியிலேயே இருக்கும், மென்பொருள் போய்க் கற்றுக்கொண்டு, கற்றதை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பும். பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் இன்டெல் நிறுவனமும் 2020இல் தொடங்கிய கூட்டணியில் மும்பை டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்தது. 2022 டிசம்பரில் முடிவு வந்தபோது ஆறு கண்டங்களில் 71 மையங்கள், 6,314 கிளையோபிளாஸ்டோமா நோயாளிகள். பொதுவில் கிடைத்த படங்களை மட்டும் வைத்துப் பழகிய மென்பொருளைவிட, அறுத்தெடுக்க வேண்டிய பகுதிக்குக் கோடு போடுவதில் 33 சதவீதம் முன்னேற்றம். 2023இல் பிராட்ஸ் போட்டியில் ஆப்பிரிக்க நோயாளிகளின் படங்களுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார்கள். அங்கே பல இடங்களில் மெஷின் பழசு, படம் மங்கல், ஆள் ஆஸ்பத்திரிக்கு வருவதும் தாமதம். நம் தாலுகா ஊர்களுக்கும் இதில் பாதி பொருந்தும். நமக்கென்று ஒன்று வைத்தால் டி.பி. வளையமும் புழு வளையமும் அதில் இருந்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

அடுத்த டீ வந்தது. அவர் குரலைத் தாழ்த்தி, “ஒருவேளை அதுதான்னா, கரண்ட் வைப்பாங்களா சார்?” என்றார்.

கதிர்வீச்சை நம் ஜனங்கள் கரண்ட் வைப்பது என்றுதான் சொல்கிறார்கள். ஷாக் அடிக்குமோ என்று பயப்படுகிறவர்களும் உண்டு. அடிக்காது. வலிக்கவும் வலிக்காது. முதலில் முகத்துக்கு ஒரு மாஸ்க் செய்வார்கள். வலை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும் பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போட்டால் இளகிவிடும். அதை முகத்தின்மேல் விரித்து நெற்றி, மூக்கு, தாடை என்று அழுத்திவிடுவார்கள். சில நிமிஷத்தில் ஆறி இறுகிவிடும். தினமும் அதே மாஸ்க்கைப் போட்டு மேஜையோடு பூட்டினால் தலை சில மில்லிமீட்டருக்கு மேல் அசையாது. அதன் பிறகு டாக்டர் உட்கார்ந்து ஸ்கேனில் கண் நரம்பு, மூளைத்தண்டு, காதின் உள்பகுதி என்று காப்பாற்ற வேண்டியவற்றுக்கெல்லாம் அடுக்கடுக்காகக் கோடு போட வேண்டும். மணிக்கணக்கில் ஆகிற இந்த வேலையை ஏ.ஐ. மென்பொருள் நிமிஷங்களில் போட்டுக் கொடுத்துவிடும், டாக்டர் திருத்திக் கையெழுத்துப் போட்டால் போதும். கதிர்வீச்சுப் பிரிவுகளில் ஏ.ஐ. சத்தமில்லாமல் நுழைந்துவிட்டது இப்படித்தான். நம் பக்கத்தில் தரமணி வரை போனால் 2019இல் திறந்த அப்போலோ புரோட்டான் மையம் இருக்கிறது, தெற்காசியாவிலேயே அதுதான் முதல். புரோட்டான் கதிர் குறித்த ஆழத்தில் சக்தியைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். கோடு தப்பினால் அந்தத் துல்லியமும் தப்பான இடத்தில்தான் விழும்.

கதிர்வீச்சு முடிந்த சில மாதங்களில் இன்னொரு குழப்பம் வரும். மறு ஸ்கேனில் கட்டி பெரிசாகியிருப்பது போலத் தெரியும். சிலருக்கு அது நிஜமாகவே வளர்ச்சி. சிலருக்கு மருந்தும் கதிரும் வேலை செய்ததால் வந்த வீக்கம், தானே வடிந்துவிடும். இரண்டையும் பிரிக்க ஏ.ஐ.யை வைத்து நிறைய பேர் முயல்கிறார்கள். எந்த முறையானாலும் ஒரு ஸ்கேனை மட்டும் வைத்து நடக்காது, முன்பு எடுத்தவை எல்லாம் வரிசையாக வேண்டும்.

“ஸ்கேன் எங்க வெச்சிருக்கீங்க?”

பைக்கின் பெட்டியிலிருந்து பெரிய கவரை எடுத்து வந்தார். உள்ளே ஃபிலிம்கள். ஒரு ஃபிலிமைத் தூக்கி வெயிலுக்கு எதிரே பிடித்தோம். கட்டம் கட்டமாகச் சின்னச் சின்ன மூளைகள். ஓர் எம்.ஆர்.ஐ.யில் எடுப்பது நூற்றுக்கணக்கான படங்கள், ஃபிலிமில் வருவது அதில் பொறுக்கியவை மட்டும். மென்பொருளுக்கு ஃபிலிம் ஆகாது. இன்னொரு டாக்டரிடம் அபிப்பிராயம் கேட்கவும் ஃபிலிம் குறைதான். ஸ்கேன் எடுத்த இடத்தில் டிஸ்க்கில் பதிந்து கொடுங்கள் என்று கேட்டால் மொத்தப் படமும் கிடைக்கும்.

“ஃபிலிம் மட்டும்தான் சார் கொடுத்தாங்கோ.”

“நாளைக்கே போய் டிஸ்க் வாங்கிடுங்க. இன்னொண்ணு. ஃபிட்ஸ் வந்தப்போ எந்தக் கை முதல்ல உதறிச்சுன்னு டாக்டர் கேப்பாரு. தலை எந்தப் பக்கம் திரும்பிச்சு, எத்தனை நிமிஷம், முடிஞ்சதும் பேச்சு உடனே வந்துச்சா, இதெல்லாம் கேப்பாரு. மூளையில எந்த இடத்துல கிளம்புச்சுன்னு அதுலதான் தெரியும். மச்சானுக்கு ஞாபகம் இருக்காது. பக்கத்துல யாரு இருந்தா?”

“கடை ஓனரு இருந்தாரு. ஆனா அவரு பதறிப்போய் சாவியத் தேடப் போயிட்டாரு.” கொஞ்சம் யோசித்தார். “கடையில கேமரா இருக்குது சார். கல்லாவுக்கு நேர் மேல.”

“அது சில நாள்ல தானா அழிஞ்சிடும் தம்பி. மேல மேல பதிவாயிட்டே இருக்கும்.”

டம்ளரை வைத்துவிட்டு ஃபோனை எடுத்தார். “அண்ணே, அந்த வீடியோவ யாரும் தொடாதீங்க. நானே பென் டிரைவ் எடுத்துக்கினு வரேன்.”